வரட்டுமா?

இந்தத் தீவிலேயே உயரமான புக்கித் தீமாவை மலை என்று சொன்னால் கொடைக்கானல்காரர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஐம்பது தாண்டிய வயதில், சர்க்கரையும் முழங்கால் வலியுமாக அந்தச் செங்குத்துச் சாலையில் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும். ரஞ்சிதம் இப்படித்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறினாள். பாதி வழியிலேயே அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அவள் ஒன்றும் மலை ஏற ஆசைப்பட்டவள் அல்ல. அலுவலகத்தில் மேனுகா என்றொரு துறுதுறுப்பான பெண். சனிக்கிழமை காலைகளில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு காடு, குன்று என்று நடக்கப் போவாள். "ஆன்ட்டி, ஒரு தடவை வந்து பாருங்க லா, சுகர் தானா இறங்கிடும்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். போதாக்குறைக்கு வீட்டில் கணவர் பசுபதியும் அவளுடன் சேர்ந்துகொண்டார்.

"ஆபீஸ் விட்டா என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்க. கொஞ்சம் வெளிய காத்து வாங்கிட்டு வா, ரஞ்சி."

பசுபதிக்கு இருதய ஆபரேஷன் முடிந்து, இப்போதுதான் வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்திருந்தார். படி ஏறக் கூடாது, அதிர்ச்சி கூடாது, ஆறு மாதம் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டால் மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளுக்கு அவர், அவருக்கு அவள், அவ்வளவுதான். இரவில் அவர் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை அடியோடு நின்றுபோனது. பொதுவாகவே நம் வீடுகளில் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. 'வர்றேன்' என்றுதான் சொல்வோம். ரஞ்சிதம் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டாள். குளிக்கக்கூட அவரைப் 'போங்க' என்று சொல்லமாட்டாள். 'குளிச்சிட்டு வாங்க' என்பாள்.

"எமன் வந்து உன் இலக்கணத்தைக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிடுவானாக்கும்?" என்று பசுபதி கேலி செய்வார்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்பாள் அவள். அன்று காலையும் வாசலில் நின்று 'போயிட்டு வர்றேங்க' என்று அவர் காதில் விழும்படி ஒரு முறைக்கு இரு முறை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

உச்சியில் பாறை அருகே படம் எடுத்துக்கொண்டார்கள். இறங்கும்போது வழக்கமான சாலையை விட்டுவிட்டு, மேனுகா எல்லோரையும் காட்டுப் பக்கத்துப் படிகளில் கூட்டிப் போனாள். அங்கேதான் ரஞ்சிதத்தின் முழங்கால் பிடித்துக்கொண்டது.

"நீங்க நடங்க. நான் மெதுவா இறங்கி வர்றேன்" என்றாள்.

"ஷுவரா ஆன்ட்டி? கீழ வெயிட் பண்றோம். அப்புறம் தேக்கா மார்க்கெட்ல போய் சாப்பிடலாம்."

இளசுகளின் சிரிப்பும் காலடிச் சத்தமும் வளைவில் மறைந்தன. கொஞ்ச தூரம் நொண்டி நொண்டி இறங்கியதும் ஓர் ஓய்வுக் குடில் தெரிந்தது. நாலு தூண், ஒரு கூரை, ஒரு சிமென்ட் பெஞ்சு. அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

பட்டப்பகல்தான். ஆனால் மழை மேகம் திரண்டு, மரங்களுக்கு அடியில் வெளிச்சம் மங்கிவிட்டது. இலைகள் அசையவில்லை. அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரே நேரத்தில் நின்றன.

ஒரு வாசனை வந்தது. ரொம்ப நாள் ஒரே இடத்தில் கிடந்த கல்லைப் புரட்டினால் அடியிலிருந்து வருமே, அந்த ஈர மண் வாசனை.

"முழங்காலா?"

தூக்கிவாரிப் போட்டது. பெஞ்சின் மறு கோடியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, நடைக்குப் போடும் கால்சட்டை, நெற்றியில் பொட்டு. தலைமுடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

வியர்வையாக இருக்கும் என்று ரஞ்சிதம் நினைத்துக்கொண்டாள். காலையிலிருந்து காட்டில் ஒரு தமிழ் முகம்கூட எதிர்ப்படவில்லை. நம் ஆள் ஒருவரைப் பார்த்ததும் மனசு இளகத்தானே செய்யும்.

"ஆமாங்க. வயசாச்சுல்ல."

"எங்க வீடு?"

"பொங்கோல்."

"பொங்கோல்ல எங்க?"

சொன்னாள். புளோக்கைச் சொன்னாள், மாடியைச் சொன்னாள். ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் கேட்பதுதானே?

"வீட்ல யாரெல்லாம் இருக்கா?"

"வீட்டுக்காரர் மட்டும்தான். ஹார்ட் ஆபரேஷன் ஆகி ரெஸ்ட்ல இருக்கார்."

"இப்பத் தனியாவா இருக்கார்?"

"நான் போற வரைக்கும் தனியாத்தான்."

அந்த அம்மாள் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசும்போது அவர் மார்பு ஏறி இறங்கவே இல்லை என்பது ரஞ்சிதத்துக்கு அப்போது உறைக்கவில்லை.

"தனியா இருக்கறது கொடுமைங்க" என்றார் அவர். "ரொம்பக் கொடுமை."

தூரத்தில் இடி உருண்டது. மேனுகாவிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது: மழை வருது ஆன்ட்டி, சீக்கிரம். ரஞ்சிதம் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். இரண்டு படி இறங்கியிருப்பாள்.

"அப்ப, நான் வரட்டுமா?"

"சரி, வாங்க" என்றாள் ரஞ்சிதம், திரும்பாமலே.

வாய்ப் பழக்கம். பஸ் நிறுத்தத்திலும் கோயில் வாசலிலும் நாளுக்குப் பத்து முறை சொல்வது. 'போகட்டுமா' என்று கேட்க நமக்கு வாய் வராது, 'வரட்டுமா' என்போம். எதிரில் இருப்பவர் 'வாங்க' என்று விடை கொடுப்பார். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நாலு படி இறங்கிய பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

கிளம்பியது அவள். அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருப்பவர் எதற்கு விடை கேட்க வேண்டும்?

திரும்பிப் பார்த்தாள். குடிலில் யாரும் இல்லை. பெஞ்சின் மறு கோடி மட்டும் ஈரமாக இருந்தது.

முழங்கால் வலி எங்கே போனதோ, எப்படித்தான் இறங்கினாளோ! மேனுகாவிடம் தலை சுற்றுகிறது, சாப்பிட வரவில்லை என்று ஏதோ உளறிவிட்டு, கொட்டும் மழையில் பியூட்டி வேர்ல்ட் ஸ்டேஷனுக்குள் ஓடினாள். ரயிலில் உட்கார்ந்து முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள். சே, மண்டையில் வெயில் ஏறிவிட்டது போல என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. லிட்டில் இந்தியாவில் ரயில் மாறும்போது பசுபதியை அழைத்தாள்.

"என்னங்க, சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல. அதான் உன் ஃப்ரெண்டு வந்திருக்காங்களே, பேசிட்டு இருந்தேன்."

நடைபாதைக் கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. யாரோ முணுமுணுத்தார்கள்.

"எந்த ஃப்ரெண்டு?"

"உன் கூட மலையில நடந்தவங்களாம். நீதான் வரச் சொன்னியாமே? பாவம், தொப்பலா நனைஞ்சு வந்திருக்காங்க. கிச்சன்ல தண்ணி குடிக்கிறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப நேரமாக் குடிக்கிறாங்க ரஞ்சி. குழாயை மூடவே இல்ல."

"என்னங்க, கேளுங்க. அவங்கள வெளிய அனுப்பிடுங்க. இப்பவே!"

பசுபதி சிரித்தார். "நல்லா இருக்கே நீ சொல்றது. வீட்டுக்கு வந்தவங்கள வெளிய போங்கன்னு எப்படிச் சொல்றது?"

இணைப்பு அறுந்தது.

மறுபடி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பொங்கோல் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அழைத்தாள். முருகா, முருகா என்று வாய் முணுமுணுத்தது. அதிர்ச்சி கூடாது, அதிர்ச்சி கூடாது என்ற டாக்டரின் குரல் மண்டைக்குள் சுற்றியது. நான்தான் கூப்பிட்டேன். வீட்டு அடையாளத்தைச் சொல்லி, அவர் தனியாக இருப்பதையும் சொல்லி, பாவி, நானேதான் கூப்பிட்டேன். கண்ணீர் வழிவதை எதிரில் இருந்த சீனப் பாட்டி பார்த்து, ஒரு திசுத்தாளை நீட்டினார். அதை வாங்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மழையால் பகலிலேயே கூடம் இருண்டிருந்தது. அந்த வாசனை வாசலிலேயே அவளை எதிர்கொண்டது.

பசுபதி சோபாவில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். ரஞ்சிதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"வந்துட்டியா! இவங்க இப்பத்தான் கிளம்பலாம்னு சொன்னாங்க" என்று எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

நாற்காலியில் யாரும் இல்லை. அதன் மெத்தை மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அங்க யாருங்க இருக்கா?" என்றாள் கிசுகிசுப்பாக.

"என்ன இப்படிக் கேக்கற? இதோ இருக்காங்களே." அவர் குனிந்து எதையோ இழுத்து முடிந்தார். அப்போதுதான் பார்த்தாள். மனிதர் காலில் ஷூ போட்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு தொடாத ஷூ.

"என்னையும் கூட வரச் சொல்றாங்க ரஞ்சி. மலை மேல நல்லா குளுகுளுன்னு இருக்குமாம். தனியா உக்காந்து உக்காந்து எனக்கும் அலுத்துப்போச்சு."

அவர் எழுந்தார்.

நாற்காலி மெத்தை மெல்ல உப்பி மேலே வந்தது.

எதிரே இருந்ததும் எழுந்துவிட்டது.

ரஞ்சிதம் அவரை இறுக்கிப் பிடித்தாள். வாடிப்போயிருந்த அந்த உடம்பு அவளைச் சுலபமாக இழுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தது. ஈரக் காலடிகள் தரையில் ஒவ்வொன்றாகப் பதிந்து முன்னால் போயின. 'வாங்க' என்று சொன்ன வாய்தானே இது? இதே வாய்தான் மற்றதையும் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இந்த வீட்டில் அந்தச் சொல்லை எடுக்க நாக்கு மறுத்தது. ஈரக் காலடி வாசலைத் தொட்டது. பசுபதியின் கை அவள் பிடியிலிருந்து நழுவியது.

ரஞ்சிதம் கண்களை இறுக மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"போ! வெளிய போ! போயிடு!"

சொட்டும் சத்தம் நின்றது. வாசனைகூட நின்றது.

கண்ணைத் திறந்தாள். வாசலில் யாரும் இல்லை. அவளுக்கு நேர் எதிரே, அவள் கத்திய திசையில், பசுபதி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிபட்ட குழந்தை முகம். இத்தனை வருடத்தில் அவள் அவரைப் பார்த்து அப்படிக் கத்தியதே இல்லை.

"என்னையா சொன்ன?" என்றார்.

இல்லைங்க, ஐயோ உங்களை இல்லைங்க என்று அவள் பாய்வதற்குள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் கூடத்திலேயே வெகு நேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். பசுபதி போய்விட்டார்.

கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு உடலை வைத்திருந்தார்கள். மண்டாய் மின்மயானத்தில் காரியம் முடிந்து, உறவும் அலுவலகமுமாக ஒரு கூட்டம் வீடு வரை வந்தது. ரஞ்சிதம் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? புருஷன் போன துக்கத்தில் பேதலித்துவிட்டாள் என்பார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்து, 'உங்களை இல்லைங்க, உங்களை இல்லைங்க' என்று மட்டும் முனகிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. தோளைத் தொட்டார்கள், எழுந்து நடந்தார்கள். மேனுகா மட்டும் விவரம் தெரியாமல், "ஆன்ட்டி, நான்..." என்று வாயெடுத்தாள். பக்கத்தில் நின்ற ஒரு மாமி முழங்கையால் இடித்தார். அவளும் வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வெளியேறினாள். கடைசி ஆள் இரும்புக் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது.

வீட்டில் ரஞ்சிதம் மட்டும்.

ஈர மண் வாசனை வந்தது.

அவள் நிமிரவில்லை. பக்கத்தில், சுவரோரம், யாரோ மெல்லச் சரிந்து உட்காரும் சத்தம். நனைந்த துணியின் குளிர்ச்சி அவள் தோளில் பட்டது. வாய்விட்டு ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் இனி அவளுக்கு வராது. செத்தாலும் வராது.

"எல்லாரும் இப்படிச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்களே" என்றது அந்தக் குரல், ஆதரவாக. "கவலைப்படாதீங்க ரஞ்சிதம். நான் அப்படியெல்லாம் போறவ இல்ல."