தாய்மாமன் முறை

பொறியில் வைத்த மசால்வடை அப்படியே இருந்தது. அதிலிருந்த சோம்பை மட்டும் யாரோ ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

பெனிஷா பொறியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கதவு விழவில்லை. வடையில் பல் பட்ட தடம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்க்ரூக்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, மயிரிழை கோணல் இருந்தாலும் "ரிஜெக்ட்" என்று சிவப்புப் பெட்டியில் எறிகிற வேலை பார்த்தவள் அவள். அந்தக் கண்ணுக்கு உலகத்தில் முக்கால்வாசி ரிஜெக்ட். ஓசூர் மழை ரிஜெக்ட். வாடகை வீட்டின் சிமெண்ட் ஷீட் கூரை ரிஜெக்ட். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு பகலெல்லாம் பிணம்போல் தூங்கும் புருஷன் ஸ்டெபின், தாலி ஏறிய மறுவாரமே ரிஜெக்ட். வடையை விட்டுவிட்டு சோம்பு பொறுக்குகிற எலியை எந்தப் பெட்டியில் போடுவது?

அந்த வீட்டில் எலிகள் இருந்தன என்று சொல்வது தப்பு. எலிகளின் வீட்டில் இவர்கள் இருந்தார்கள். பரணில் அவை ஓடினால் கெலவரப்பள்ளி அணையில் ஷட்டர் தூக்கியதுபோல் இரைச்சல் வரும். ஒன்று ஸ்டெபினின் சேஃப்டி ஷூவுக்குள் பிரசவம் பார்த்துக்கொண்டது. இன்னொன்று, பூனையைத் துரத்திக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து தண்ணீர் குடித்தது.

மருந்து வைக்க வழியில்லை. குழந்தை எஸ்லினுக்கு ஏழு மாதம். தரையில் கிடப்பது எதுவானாலும் முதலில் வாய்க்குத்தான் போகும். பால் வாசனைக்கு எலி வந்து குழந்தையின் விரலைக் கடிக்கும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன நாளிலிருந்து பெனிஷா ராத்திரியில் எழுந்து எழுந்து குழந்தையின் விரல்களை எண்ணினாள். அதை வெளியே காட்டமாட்டாள். பயம் வந்தால் அவளுக்கு வாயில் இளக்காரமாகத்தான் வரும்.

அவரைக்காய் கொடுக்க வந்த, கன்னடம் கலந்து பேசும் வீட்டுக்காரி கெம்பம்மா வாசலிலேயே நின்றாள்.

"ஏனம்மா, கையில என்ன?"

"உங்க பழைய குடித்தனக்காரங்களக் காலி பண்ணத்தான், ஓனரம்மா. எங்களுக்கு முன்னாடியே அட்வான்ஸ் குடுத்துட்டாங்க போல."

கெம்பம்மா உதட்டில் விரல் வைத்தாள். "மெல்ல பேசம்மா. பொறி, மருந்துன்னு அதுங்க எதிர்ல சொல்ல பேடா. அதுங்களுக்குக் காது ஜாஸ்தி. எங்க வீட்ல நெண்டரு வந்திருக்காங்கன்னுதான் சொல்லுவோம்."

"நெண்டருன்னா?"

"சொந்தக்காரங்க. அப்படிச் சொன்னா ரெண்டு நாள் இருந்துட்டு மரியாதையா போயிடும்."

பெனிஷாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சொந்தமா? எந்த வழியில சொந்தம்? சித்தப்பனா, பெரியப்பனா?"

"முறை மட்டும் சொல்ல பேடம்மா." கெம்பம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "பொதுவா நெண்டருன்னு சொல்லி நிறுத்திக்க. முறை சொன்னா அதைப் பிடிச்சுக்கும். அப்புறம் விடாது."

வேண்டாம் என்று சொன்னால் செய்யாமல் இருக்கிற ஜாதியா பெனிஷா? பரணைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்தினாள். "கேட்டுக்கங்க. எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. எம் பாப்பாவுக்குத் தாய்மாமன் இல்லாத குறை ஒண்ணுதான் பாக்கி. நீங்களே இருந்துட்டுப் போங்க. ஆனா வெறுங்கையோட வராதீங்க, மாமா. சீரோட வாங்க."

பரணில் ஓட்டம் நின்றது. ஒரு நகக்கீறல்கூட இல்லை. இத்தனை மாதத்தில் அந்த வீடு அப்படி அமைதியானதே கிடையாது. மேலே ஏதோ தலைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு கேட்பதுபோல இருந்தது. கெம்பம்மா அவரைக்காயை வாசலிலேயே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம், பின்கதவு இடுக்கிலிருந்து தூளிக்கு அடிவரை, தரையில் சோடா மூடிகள் வரிசையாக இருந்தன. வாய் மேல்நோக்கி, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், ஸ்கேல் வைத்து அளந்த நேர்க்கோட்டில். முதல் மூடியில் சோம்பு. அடுத்ததில் பச்சரிசி. அதற்கடுத்து மஞ்சள் துண்டு, கற்கண்டு, பாதிப் பாக்கு. ஒரு மணி சிந்தவில்லை. கடைசி மூடியில், மடித்து வைத்தாற்போல், விரல்நுனி அகலத்துக்குப் பட்டுத்துணி.

ஸ்டெபின் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்து பார்த்தான். கொட்டாவி விட்டான்.

"வரிசைத் தட்டு நல்லாத்தான் இருக்கு. உங்கப்பா வீட்ல இருந்து வந்ததவிட ரெண்டு தட்டு அதிகம்."

"உங்க வீட்ல இருந்து என்ன வந்துச்சு? நீங்க ஒருத்தர் வந்தீங்க. அதுவும் டேமேஜ் பீஸ்."

"யாரோ வெளையாடுறாங்க பெனி. பெருக்கித் தள்ளிட்டுச் சோத்தப் போடு."

பெருக்கினாள். பட்டுத்துணியைக் குப்பையில் போடப் போனபோதுதான் அந்த அரக்கு நிறம் தெரிந்தது. அவளுடைய கல்யாணச் சேலை. பீரோவில் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

அவள் ஸ்டெபினிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கொட்டாவி விடுவான். கடைக்குப் போய் எலி ஒட்டும் பசை அட்டைகளைக் கட்டாக வாங்கிவந்து, தூளியைச் சுற்றி இடுக்கில்லாமல் விரித்தாள். அவள் மட்டும் தாண்டிப் போகிற அகலம். "இப்ப வாங்க மாமா," என்றாள். குரல் அவள் நினைத்த அளவுக்கு ஏறவில்லை.

அடுத்த நாள் பிற்பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ராயக்கோட்டைப் பக்கமிருந்து கிளம்பிய மழை, சிப்காட்டின் புகையையும் ஈரமண் வாசனையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்து, ஷீட் கூரைமேல் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல் விழ, கரண்ட் போய், ஃபேன் இரண்டு சுற்று முனகிவிட்டு நின்றது. ஸ்டெபின் உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எஸ்லின் தூளிக்குள் நல்ல தூக்கம். துணியில் அவள் குதிகாலின் உருண்டை மட்டும் தெரிந்தது. கொடியில் கிடந்த குழந்தைத் துணிகள் பெனிஷாவுக்கு ஞாபகம் வந்தன. பின்பக்கம் ஓடினாள். அள்ளினாள். கிளிப் ஒன்று சிக்கிக்கொண்டது. அதைத் திட்டிக்கொண்டே பிடுங்கினாள். அவ்வளவு நேரம்தான்.

உள்ளே வந்ததும் வாசனை மாறியிருந்தது. அவளுக்குப் பழகிப்போன எலிமூத்திர நெடிக்கு மேலே, மெல்லிய திரைபோல், சந்தனம். விசேஷ வீட்டில் நுழைந்ததும் வருமே, அந்த வாசனை.

மழை பட்டென்று விட்டது. ஷீட்டிலிருந்து சொட்டுகிற சத்தம். அதற்கு நடுவே தூளிக் கயிறு கொக்கியில் உரசுகிற சத்தம். கிரீச். கிரீச். காற்று இல்லை. யாரும் ஆட்டவில்லை.

அட்டைகளைப் பார்த்தாள். எல்லாம் நிறைந்திருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் எலிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கிடந்தன. கத்தவில்லை, துடிக்கவில்லை, கண்களை மட்டும் திறந்து வைத்திருந்தன. எல்லாம் நரைத்த கிழங்கள். விழுந்து மாட்டியவை அல்ல. படுத்துக்கொடுத்தவை. அவற்றின் முதுகெல்லாம் ஈரக் கால்தடம். பாலத்தின்மேல் நடந்து போனதுபோல், மற்றவை அவற்றின் மேல் நடந்து போயிருந்தன.

தூளி தட்டையாக ஆடியது. குதிகால் இல்லை.

பகலில் சத்தம் போடாமல் பழகிய தொண்டை. "ஏங்க" என்றாள். அது மூச்சாக வந்தது. இன்னொருமுறை. "ஏங்க." உள்ளே குறட்டை ஏறி இறங்கியது.

பீரோவுக்குப் பக்கத்து மூலையில் இருட்டு அதிகமாக இருந்தது. அது இருட்டு இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு குவியல். மேலெல்லாம் சிறுசிறு அசைவு, கொதிக்கிற உலைபோல. அடியில் அகலம். முன்னால் இரண்டு பக்கமும் மடங்கி நீண்டிருந்தது. அவள் கண் எதையும் சரிபார்க்கிற கண். சரிபார்த்தது. இரண்டு முழங்கால். இரண்டு தொடை. சம்மணம் போட்ட ஒரு மடி.

மடியில் எஸ்லின் உட்கார்ந்திருந்தாள்.

நெற்றியில் சந்தனம். இடுப்பைச் சுற்றி அரக்குப் பட்டு, கரை குதறப்பட்டது. அழவில்லை. யாரோ கிச்சுகிச்சு மூட்டியதுபோல் பொக்கைவாயால் சிரித்தாள். தோள் ஒவ்வொன்றிலும் ஓர் எலி பின்னங்காலில் நின்றுகொண்டிருந்தது. கண்ணும் கருத்துமாக, வேலையை அப்போதுதான் முடித்த ஆசாரிபோல. அவை விலகின.

குழந்தையின் இரண்டு காது மடலிலும் ஒவ்வொரு ரோஜா முள். அடியில் ஒவ்வொரு பொட்டு ரத்தம். நேராக. ஒரே உயரத்தில். கோணலே இல்லை.

"குடுத்துடு மாமா," என்றாள் பெனிஷா. அந்தச் சொல்லில் இப்போது இளக்காரம் இல்லை. கையை நீட்டினாள். "எம் புள்ளய குடுத்துடு. எல்லாம் செஞ்சுட்ட. சந்தோஷம். குடுத்துடு."

குவியலெங்கும் சின்னக் கண்கள் திறந்தன. எல்லாம் அவளைப் பார்த்தன. மரியாதையாகத்தான் பார்த்தன.

சாம்பல் கைகள் இரண்டு திரண்டு வந்து குழந்தையைப் பதமாக அணைத்துக்கொண்டன. எஸ்லின் தலையை அந்த மார்பில் சாய்த்தாள்.

மடி எழுந்து நின்றது. கூரை வரை.