கண் மூடிய மேய்ப்பன்

“மேய்ப்பன் ஏன் தூங்குறான்?”

மும்தாஜ் டீச்சர் கேட்டதும் யோகப்பிரியாவின் தூரிகை அப்படியே நின்றுவிட்டது.

வேலந்தாவளம் பள்ளியில் அன்று ஓவியப் போட்டி. தலைப்பு ‘காவல்’. முதல் பரிசு பெறும் படத்தைப் பள்ளிச் சுவரில் பெரிதாகத் தீட்டப்போகிறார்கள். நடுவராகப் பாலக்காட்டிலிருந்து வந்திருந்தார் மும்தாஜ் டீச்சர்.

ஆறாம் வகுப்பு யோகப்பிரியா தன் அப்பா சென்னிமலையைத்தான் வரைந்திருந்தாள். வேப்பமரத்தடியில் அவர் கண்மூடிப் படுத்திருந்தார். சுற்றிலும் ஆடுகள். பக்கத்தில் காதைத் தூக்கியபடி நாய் கருவாயன்.

“படத்துல மேய்ப்பன்னா காவல்காரன். ஆடுங்க அவனை நம்பி இருக்கிறவங்க. அவனே தூங்கினா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? யோசிச்சுப் பாரு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.”

பின்வரிசையில் யாரோ கொர்ரென்று குறட்டை விட்டார்கள். வகுப்பே சிரித்தது. யோகப்பிரியாவுக்குக் காது சுட்டது.

“ரெண்டு புள்ளி வெச்சாப் போதும் புள்ள, கண்ணு தொறந்துரும்” என்று கிசுகிசுத்தாள் பக்கத்திலிருந்த ஜெஸ்னா. “பரிசு உனக்குத்தான்.”

யோகப்பிரியா தூரிகையைக் கறுப்பில் தோய்த்தாள். அப்பாவின் இமையருகே கொண்டுபோனாள்.

காலையில் அப்பா வீட்டுக்கு வந்த கோலம் அவள் கண்முன் வந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“அஞ்சு நிமிஷம்!” என்றார் டீச்சர்.

அவசரமாகப் பழுப்பைக் குழைத்தாள். அப்பாவின் கால்களில் முழங்கால்வரை சேறு பூசினாள். அவர் கையில் ஒரு டார்ச் விளக்கு. மார்பில் ஒரு குட்டி. அதன் காலில் துணிக்கட்டு. கட்டின் கடைசி முடிச்சை வரையும்போது மணி அடித்துவிட்டது.

டீச்சர் குனிந்து பார்த்தார். “பகல்ல டார்ச் எதுக்கு?”

யோகப்பிரியா எழுந்து நின்றாள்.

“ராத்திரி முச்சூடும் எங்கப்பா ஆட்டுப்பட்டிக்குக் காவலுங்க டீச்சர். நேத்து நரி வந்துருச்சுங்க. வாய்க்கால் சேத்துல ஓடிப்போய் குட்டியை மீட்டுட்டு வந்தாருங்க. பகல்ல கருவாயன் பாத்துக்குவானுங்க.”

குறட்டை விட்ட பையன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் படத்தை எடுத்துப்போய்க் கரும்பலகையின் நடுவில் ஒட்டி, மேலே ‘முதல் பரிசு’ என்று எழுதினார்.

“ஹே!” என்று கத்திக்கொண்டே எல்லோரும் ஓடிவந்தார்கள்.

மும்தாஜ் டீச்சர் உதட்டில் விரல் வைத்தார்.

“மெதுவா... இப்பத்தான் கண்ணசந்திருக்காரு.”