மறுகரையில் ஒன்றுமில்லை

காட்பாடியில் அன்று நண்பகல் ஐம்பத்து நான்கு டிகிரி. தெருவில் ஒரு காக்கை கூட இல்லை. குளிரூட்டி மெக்கானிக் செங்கமலம் வெப்பக்காப்பு அங்கியின் முகமூடியை இழுத்து விட்டுக்கொண்டு, கருவிப் பெட்டியோடு ரூபாவதி வீட்டின் இரட்டைக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். இன்னும் ஒன்பது வீடுகள் அவளுக்காகக் காத்திருந்தன. எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே புகாரைத்தான் பதிந்திருந்தார்கள்: கூலிங் பத்தவில்லை, கேஸ் போட வேண்டும்.

ரூபாவதி தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஈரத்துணியால் விசிறிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் பன்னிரண்டு நாள் பெண் குழந்தை. முகம் சிவந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

"வாங்கக்கா. காலைலேர்ந்து நிக்காம ஓடிக்கினே இருக்குது, சில்லுனு வரவே மாட்டேங்குது. எட்டாம் மாசமே பொறந்த கொழந்தைக்கா இது. ரூம் இருபத்தேழைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினாரு. பால் கூட குடிக்க மாட்டேங்குது."

சுவரில் இரண்டு எண்கள் மின்னின. கேட்டது பதினாறு. கிடைத்தது முப்பத்தொன்று.

"பதினாறுலயாம்மா வெச்சிருக்கே?"

"எப்பவும் பதினாறுதானேக்கா? வெச்சுட்டு ரெண்டு கம்பளி போத்திக்குவோம். அதான் சொகம்."

தொட்டிலின் காலடியில் குழந்தைக்கென்றே இரண்டு குட்டிக் கம்பளிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. செங்கமலத்தின் வீட்டிலும் பதினாறுதான். ஊரே அப்படித்தான்: வெளியே தீ, உள்ளே மார்கழி, மேலே கம்பளி. முப்பது ஆண்டுகளுக்கு முன் கருந்தகடு வந்த நாளில் தொடங்கிய சுகம் அது.

அதற்கு முன்னாலெல்லாம் குளிரூட்டிக்கு வீட்டுக்கு வெளியே ஒரு பெட்டி இருந்தது. அறையின் சூட்டை அது தெருவில் கொட்டும். எல்லா வீடும் கொட்டினால் தெரு என்ன ஆகும்? என்ன ஆயிற்றோ அதுதான் ஆயிற்று. பிறகு கருந்தகட்டைக் கண்டுபிடித்தார்கள். உள்ளங்கை அகலம்தான். ஒரு பக்கம் நம் சுவர். மறுபக்கம் வேறு எங்கோ, இருளும் உறைபனியுமான ஓர் இடம். அறிவியலாளர்கள் அதற்கு மறுகரை என்று பெயர் வைத்தார்கள். அறையின் சூட்டைக் குளிர்மம் என்னும் வாயு உறிஞ்சி எடுத்துக்கொண்டு தகட்டின் வழியே போய், மறுகரையில் தொங்கும் செம்புச் சுருளில் இறக்கிவிட்டுத் திரும்பும். நம் வாசலைப் பெருக்கி, ஆளில்லாத வீட்டு வாசலில் தள்ளுவது போல. தள்ளுகிறோமே என்று யாருக்கும் உறுத்தவில்லை. ஒவ்வொரு தகட்டின் மேலும் எச்சரிக்கை ஒட்டியிருந்தது: ‘மறுகரையில் ஒன்றுமில்லை. திறக்காதீர்.’

செங்கமலம் மேலுறையைக் கழற்றினாள். மெல்லிய குழாயின் மேல் வெண்ணிறமாய்ப் பனி கட்டியிருந்தது. பனியைப் பார்த்ததும் நன்றாகக் குளிர்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு, உண்மை நேர்மாறானது. உள்ளே போதிய வாயு இல்லாதபோதுதான் குழாயின் வாயில் மட்டும் பனி பிடித்து, அறை வெந்துகொண்டிருக்கும். ஆனால் தூசு அடைத்த வடிகட்டியும் இதே வேலையைச் செய்யும். எனவே முதலில் வடிகட்டியை உருவிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. காதைக் குழாயோடு வைத்தாள். புஸ்ஸென்று மெல்லிய சீறல். அழுத்தமானியை மாட்டினாள். முள் இருக்க வேண்டிய இடத்தில் பாதி கூட ஏறவில்லை.

"கேஸ் கம்மிதான். போன தபா நான்தானே வந்தேன்?"

"நீங்கதான். மாசியில ஒரு தபா, பங்குனியில ஒரு தபா. இது மூணாவதுக்கா."

செங்கமலத்துக்குச் சுருக்கென்றது. குளிர்மம் பெட்ரோல் அல்ல, எரிந்து தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்றுதான் பொருள். தொழில் பழகப் போன முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. ஆனால் ஓட்டையைத் தேடினால் அரை நாள் போகும்; நிரப்பினால் இருபது நிமிடம். ஆகவே கத்திரி வெயிலுக்கு முன் கேஸ் போடுவது, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல ஒரு சடங்காகிவிட்டது. முப்பது வருடமாக நாடு முழுக்க நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். அத்தனையும் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினெட்டு வருடமாக நிரப்பிய செங்கமலமும் கேட்டதில்லை.

எண் முப்பத்திரண்டுக்கு மாறியது. அவள் குழந்தையைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஓட்டையைத் தேடிடலாம்மா. சும்மா ஊத்தினா நாளைக்கே மறுபடி இதே கதிதான்."

சோப்பு நுரையைத் தூரிகையில் எடுத்து ஒவ்வோர் இணைப்பிலும் தடவினாள். ஓட்டை இருந்தால் அங்கே நுரை குமிழி விடும். ஓரிடத்திலும் குமிழி இல்லை. இந்தப் பக்கம் முழுக்கத் தேடியாயிற்று. மிச்சம் இருந்தது தகட்டுக்கு அப்பால் இருக்கும் சுருள் மட்டும்.

எச்சரிக்கையை ஒரு முறை படித்தாள். பிறகு குழாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்துவிட்டு, இழைக்கண்ணை உள்ளே செலுத்தினாள். நூல் கனமுள்ள கம்பியின் நுனியில் கடுகளவு கண். அது பார்ப்பது கையிலுள்ள சிறு திரையில் தெரியும். குழாய்களின் வயிற்றுக்குள் பார்க்க வைத்திருந்த கருவி.

செங்கமலம் இருட்டை எதிர்பார்த்துத் திரையைப் பார்த்தாள்.

அங்கே வெளிச்சம் இருந்தது. வானம் முழுக்க, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, செம்புச் சுருள்கள் தொங்கின. பந்தலில் புடலங்காய் தொங்குவது போல வரிசை வரிசையாக, கோடிக்கணக்கில். காட்பாடியின் சுருள்கள், சென்னையின் சுருள்கள், பதினாறில் வைத்துக் கம்பளி போர்த்திக்கொண்ட அத்தனை வீடுகளின் சுருள்களும் சூட்டில் மங்கலாய்ச் சிவந்திருந்தன. அந்தச் செவ்வொளியில் கீழே ஒரு கடல் ஆவி பறக்கப் புரண்டுகொண்டிருந்தது. உறைந்த உலகம் என்றல்லவா பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது? உருகிவிட்டிருந்தது. நாம் உருக்கியிருந்தோம். இவ்வளவு பெரிய ஒன்றை இவ்வளவு சின்னத் துளைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஊரே தூங்கியிருக்கிறதே!

இழையை மெல்லத் திருப்பி, ரூபாவதி வீட்டுச் சுருளைக் கண்டுபிடித்தாள். அதில் ஓட்டை இருந்தது. ஆனால் அது அரித்த ஓட்டை இல்லை, துளைத்த ஓட்டை. அதில் மயிரிழைக் குழாய் ஒன்றை யாரோ பொருத்தியிருந்தார்கள். அத்தனை வழுவழுப்பான பற்றவைப்பைத் தன் பதினெட்டு வருடத்தில் ஒருமுறை கூட அவள் செய்ததில்லை.

குழாயின் பக்கத்தில், பாறை முகட்டில், ஓர் உருவம் நின்றது. ஆளுயரத்தைவிட உயரம், பனிக்கட்டியைப் போல ஊடுருவித் தெரியும் உடம்பு, நான்கு கைகள். விரல் நுனிகள் சொட்டிக்கொண்டிருந்தன. வியர்க்கிறதா, விரலே கரைகிறதா என்று தெரியவில்லை. அது ஒரு கையால் எதையோ தோய்த்து எடுத்து இணைப்பின் மேல் தடவியது. நுரை. பிறகு குனிந்து, அசையாமல், குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

பாம்பின் கால் பாம்பறியும். செங்கமலம் தன்னை மறந்து சொன்னாள்: "மெக்கானிக்கு."

"யாருக்கா?" என்றாள் ரூபாவதி, தொட்டிலை விட்டு நகராமல்.

அந்த உருவம் இழைக்கண்ணைப் பார்த்துவிட்டிருந்தது. ஓடவில்லை, அடிக்கவில்லை. கம்பியை இரண்டு விரல்களால் பதமாகப் பிடித்துக் கீழ்நோக்கித் திருப்பிக் காட்டியது. கீழே, பாறை மடிப்பில், அந்த உலகத்தின் கடைசிப் பனி என்று சொல்லத்தக்க ஒரு வெள்ளைத் திட்டு. அதன்மேல் நெருக்கியடித்துக்கொண்டு, விரல் நீளத்தில், கண் திறக்காத குஞ்சுகள். ஆயிரக்கணக்கான சுருள்களிலிருந்து திரட்டிய குளிர்மம் அந்தத் திட்டைச் சுற்றிய குழாய்களில் ஓடக் காத்திருந்தது. அவை சேரும் இயந்திரத்தின் முதுகில் உள்ளங்கை அகலக் கருந்தகடுகள் அடுக்கடுக்காய்ப் பொருத்தப்பட்டிருந்தன.

நாம் நிரப்பியதைக் கொண்டே அவர்கள் ஒரு குளிரூட்டி கட்டியிருந்தார்கள்.

"அக்கா! முப்பத்துமூணு! கொழந்தை தெறந்த வாயை மூடவே மாட்டேங்குதுக்கா, எதுனா பண்ணுங்க!"

செங்கமலத்தின் பெட்டியில் அடைப்புப் பசை இருந்தது. குழாய்க்குள் செலுத்தினால் வாயுவோடு ஓடிப்போய், ஓட்டை எங்கிருந்தாலும் உள்ளிருந்தே அடைத்துவிடும். செலுத்தலாமா என்று யோசிக்க அவளுக்கு அரை நிமிடம் கூட இல்லை. திரையில் தெரிந்த குஞ்சுகளைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கோ" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பசையைச் செலுத்தினாள். வாயுவை எடைபோட்டு நிரப்பினாள். மறுகரை மெக்கானிக் தன் குழாயில் வரத்து நின்றதைப் பார்த்தது. நான்கு கைகளும் ஒரு கணம் அப்படியே தொங்கின. பிறகு அது, இன்னும் ஓடத் தொடங்காத அந்த இயந்திரத்தை நோக்கி விரைந்து போயிற்று. செங்கமலம் இழைக்கண்ணை உருவிவிட்டு ரப்பர் வளையத்தை மாட்டினாள். அதற்கு மேல் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

முள் ஏறி நின்றது. குழாயில் கட்டிய பனி கரைந்து ஒழுகியது. முப்பது, இருபத்தெட்டு, இருபத்தைந்து. குழந்தை ஒருமுறை சிலிர்த்து, பாலுக்கு வாய் வைத்தது. ரூபாவதி அழுதுகொண்டே சிரித்தாள், குட்டிக் கம்பளிகளை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும்க்கா."

செங்கமலம் நிமிராமல் கருவிகளைப் பெட்டியில் அடுக்கினாள். கடைசியாகச் சோப்புத் தூரிகையை எடுத்தபோதுதான் அந்த வாசனை வந்தது, ஈரக் கல் சுட்ட வாசனை. எதிர்ச்சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஒரு கரும்புள்ளி தோன்றி உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. அதிலிருந்து உலைவாய் போல அனல் அடித்தது. தகடு ஒரு வாசல் என்று கண்டுபிடித்தவர்களுக்கு, வாசல் இரண்டு பக்கமும் திறக்கும் என்று மட்டும் தோன்றாமல் போயிருந்தது.

"ஐயோ, இன்னாக்கா இது!" ரூபாவதி குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மூலைக்கு ஓடினாள். முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தொன்பது. செங்கமலம் தன் அங்கியைக் கழற்றித் தகட்டை அடைக்கப் பார்த்தாள், துணி பொசுங்கியது. இந்த வேகத்தில் போனால் குழந்தை ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

அப்போது தகட்டின் நடுவிலிருந்து ஓர் இழை நீண்டது.

நூல் கனம்தான். நுனியில் பனித்துளி போல ஒரு கண். அது அறையை நிதானமாகச் சுற்றிப் பார்த்தது. கூரையை, கம்பளியை, செங்கமலத்தின் கையிலிருந்த சோப்புத் தூரிகையை. தூரிகையில் சற்றுத் தயங்கி நின்றது. பிறகு மூலைக்குத் திரும்பியது. ரூபாவதியின் கைகளுக்குள் இருந்த, கண்ணை இறுக மூடிய, விரல் நீளமே முகமுள்ள அந்தச் சிறிய உயிரின் முன்னால் அசையாமல் நின்றது. குமிழி வருகிறதா என்று பார்த்த அதே பொறுமையோடு பார்த்தது.

அனல் நின்றது.

இழை பின்வாங்கியது. தகடு சுருங்கிப் புள்ளியாகி மறைந்தது. சுவரில் ஒரு சூட்டுத்தழும்பு மட்டும் மிஞ்சியது. செங்கமலம் சுவரில் கை வைத்தாள். அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவளுக்கு விளக்க யாரும் தேவைப்படவில்லை. அவர்கள் தங்கள் குப்பை எங்கே விழுகிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள், நிறுத்திவிட்டார்கள். அவளும்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பசையைச் செலுத்தினாள். வெட்கம் அவள் முகத்தில் அனலைவிட அதிகமாகச் சுட்டது.

இந்தப் பக்கத்துக் குளிரூட்டி மட்டும் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்ந்து குளிர்ந்து எண் இருபதைத் தொட்டு, பதினாறை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர் இன்னா நம்பர்மா சொன்னாரு?"

"இருபத்தேழு."

செங்கமலம் ரிமோட்டை எடுத்து இருபத்தேழில் வைத்தாள். ஓட்டம் தணிந்தது. குழந்தை மேலிருந்த இரண்டு கம்பளிகளையும் எடுத்து மடித்தாள். குழந்தை கை காலை நீட்டிக்கொண்டு, முதல் முறையாக, சத்தமாக அழுதது.

"இதுக்கு மேல எறக்காதம்மா. சுவத்துக்கு அந்தாண்ட ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்கும் கொழந்தைங்க இருக்குது. கொழந்தை கொஞ்சம் தேறினதும் பசையைக் கரைச்சு எடுக்க மருந்து கொண்டாறேன்."

ரூபாவதி அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

அடுத்த வீடு நான்கு வாசல் தள்ளி. பொசுங்கிய அங்கியோடு வெயிலில் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். காட்பாடியில் சொல்ல வேண்டும், வேலூரில் சொல்ல வேண்டும், ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு என்ன இருக்கிறது, வெறும் ஓர் எண்தானே என்று தோன்றியது. ஓர் எண்ணை மாற்றினால் போதும், அங்கே ஒரு கடலே மூச்சுவிடும்.

கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் குலோத்துங்கன். காதுவரை மஃப்ளர், அதன்மேல் சால்வை, காலில் கம்பளி உறை.

"சார், உங்க மெஷினை இருபத்தேழுல வைக்கணும். ஏன்னு சொல்றேன், உட்காருங்க" என்றாள் செங்கமலம், மூச்சு வாங்க.

"இருபத்தேழா? வெளாடுறியாம்மா?" அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "பதினாறு வெச்சா பதினெட்டுதான் வருது. பேசிக்கினு நிக்காம கேஸைப் போட்டுட்டுப் போ."

தொட்டில் இல்லாத அந்த வீட்டில், அவருக்குப் பின்னால், சுவரில், ஒரு கரும்புள்ளி மெல்ல விரிந்துகொண்டிருந்தது.