மூடியை நோண்டியது யார்?

காளிகாட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சித்தப்பாவின் மோட்டார் நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி கிளம்பியது.

பின்னால் உட்கார்ந்திருந்த ஜலஜாவுக்குக் காதெல்லாம் சூடேறியது. பத்து வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு கோபம் வருமா என்றால், வந்தது. ஒரு வாரமாக அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"சித்தப்பா, மோட்டாருக்கு அடியில சொட்டற தண்ணி வெல்லத்தைக் கரைச்ச மாதிரி இருக்கு. பழசைக் கொட்டிட்டு வேற ஊத்துங்கோ."

"இன்ஜின் சூட்டைத் தணிக்கற தண்ணிதானேடி. எந்தக் கலர்ல இருந்தா என்ன?" என்று சிவராமகிருஷ்ணன் சித்தப்பா சிரித்தார். தண்ணீர் குறையக் குறைய மேலே ஊற்றினாரே தவிர, பழைய தண்ணீரை ஒருநாளும் வெளியே விடவில்லை.

இப்போது டாலிகஞ்சில் வைத்தீஸ்வரன் மாமா வீட்டுக் கொலுவுக்குப் போகிற வழியில் நடுத்தெருவில் நிற்கிறார்கள்.

அந்த நாளில் கல்கத்தாவில் மோட்டார் நின்றால் போதும், கூட்டம் சேர்ந்துவிடும். மாட்டுவண்டிக்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். சித்தப்பாவுக்கு அவமானமாக இருந்தது. கூட்டத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில், "இந்தப் பெண்தான் தண்ணீர் ஊற்றுகிற மூடியை நோண்டிக் கெடுத்துவிட்டாள்" என்றார்.

ஜலஜாவுக்கு வங்காளி தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு சொல்லும் சுருக்கென்று தைத்தது. அவள் அந்த மூடியைத் தொட்டதே இல்லை.

சித்தப்பா அங்கவஸ்திரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திறக்கப் போனார். அவரோடு இறங்கிவிட்ட ஜலஜாவின் தங்கை காமு பக்கத்திலேயே நின்று ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜலஜா குதித்து இறங்கினாள். காமுவை இழுத்துத் தள்ளி நிறுத்திவிட்டு, சித்தப்பாவுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"நகரு. திறந்து பச்சைத் தண்ணி ஊத்தினா சரியாப் போயிடும்."

"நகர மாட்டேன். கொதிக்கற தண்ணி உங்க மூஞ்சியில அடிக்கும். சூட்டோட பச்சைத் தண்ணி ஊத்தினா இன்ஜின் விரிஞ்சு போயிடும். லாந்தர் சிம்னியில நான் ஈரக்கையை வச்சு அது விரிஞ்சுபோனப்போ யார் என்னைத் திட்டினா? நீங்கதானே?"

சித்தப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மூடியின் ஓரத்திலிருந்து கொதிநீர் சீறித் தெறித்தது. அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேச்சு வார்த்தை இல்லை. காமுதான் நடுவில் ஓடினாள்.

"சித்தப்பா கேக்கறார், ஆறிடுத்தான்னு."

"ஆறலைன்னு சொல்லு."

"சித்தப்பா கேக்கறார், எப்போ ஆறும்னு."

"தொட்டா சுடாதப்போ ஆறும்னு சொல்லு."

வெயில் சாய்ந்தது. கொலுச் சுண்டல் தீர்ந்துபோய்விடுமோ என்ற கவலை காமுவுக்கு. கடைசியில் ஜலஜா கையை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. சித்தப்பா மூடியை மெல்லத் திருகி எடுத்தார். அடியில் இருந்த சின்னக் குழாயைத் திறந்ததும் துருவும் சேறுமாக ஒரு குழம்பு வழிந்தது. கூட்டத்தில் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

சித்தப்பா வாளியை எடுத்துக்கொண்டு தெருக்குழாயை நோக்கி நடந்தார். ஜலஜாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. இருந்த கோபம் இரண்டு மடங்காயிற்று.

"சித்தப்பா, அது தெரு கழுவறதுக்கு விடற கங்கைத் தண்ணி. வண்டல் வண்டலா வரும். தினமும் அதையா ஊத்தினேள்?"

"நம்மாத்து வாசல்லயே குழாய் இருக்கேன்னு..."

"நீங்க குடிப்பேளா அதை?"

சித்தப்பா வாளியைக் கீழே வைத்தார்.

அதை ஜலஜா எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். "மாஷிமா, கொஞ்சம் நல்ல தண்ணீர் கிடைக்குமா?" என்று, சித்தி முறை வைத்து, ஜலஜா வங்காளியில் கேட்டாள். மாடியில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை மாஷிமா தாராளமாகவே கொடுத்தார்.

முதல் வாளி உள்ளே போய்ப் பழுப்பாக வெளியே வந்தது. அடுத்தது மங்கலாக வந்தது. தெளிவாக வரும் வரைக்கும் ஜலஜா விடவில்லை. அப்புறம்தான் சித்தப்பா அடிக்குழாயை மூடி, மேலே நிரப்பினார். இரும்புப் பிடியைச் செருகிச் சுழற்றினார். மோட்டார் தடதடவென்று கிளம்பியது. ஆவி வரவில்லை.

"ஏறு, ஜலஜா" என்றார் சித்தப்பா.

ஜலஜா ஏறவில்லை. "காமு, மூடியை நான் நோண்டலைன்னு சித்தப்பாவைச் சொல்லச் சொல்லு."

"சரி, நீ நோண்டலை" என்றார் சித்தப்பா.

"எங்கிட்ட இல்லை. அவா எல்லார்கிட்டயும்."

சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, அதே அரைகுறை வங்காளியில், "பெண் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. நான் மோட்டாருக்குச் சேறு குடிக்கக் கொடுத்தேன்" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாஷிமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஜலஜா ஏறி முன்சீட்டில், சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் ஏறக்குறையப் போய்விட்டது. மிச்சம் இருந்ததை டாலிகஞ்ச் வரைக்கும் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.