கடிவாள வாரைக் கட்டிவிட்ட கை

ரொசெண்டா கூடாரத்தை நோக்கி நடந்து வருவதைப் பார்த்ததுமே, இன்றைக்கு மீன்பிடிப்பு போச்சு என்று பெனித்தோவுக்குத் தெரிந்துவிட்டது. அழுதுகொண்டு வந்திருந்தால் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பான். அவள் அழவில்லை. மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையோடு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்த நிகானோரின் எதிரில் வந்து நின்று, கையைத் துடைக்க இடம் தேடுகிறவள்போல் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

நிகானோர் போலீஸிலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது. ஆனாலும் அந்தப் பள்ளத்தாக்கில் அவரை எல்லோரும் சார்ஜண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மனைவியின் தம்பி பெனித்தோ. ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறான். ஒவ்வொரு கோடையிலும் இருவரும் தங்கள் கிழட்டுக் குதிரைகளில் ஏறி, ஆறு ஏரியில் விழும் இடத்திலுள்ள இந்த முகாமுக்கு வந்துவிடுவார்கள். முகாம் ரொசெண்டாவின் புருஷன் ஏவரிஸ்தோவுடையது. இப்போது அந்த ஏவரிஸ்தோவைத்தான் காணோம்.

"ஏரியில படகு போட்டுத் தேடுறாங்க, சார்ஜண்ட் அண்ணே. பொழுது சாஞ்சா நிறுத்திருவாங்களாம். ஆத்துல போயிட்டான், அவ்வளவுதான்னு போலீஸ் கார்ப்பரல் சொல்றாரு. எனக்கு நம்பிக்கை இல்ல. வெள்ளம் ஓடுறப்ப அந்த ஆள் தண்ணியில காலே வைக்கமாட்டாரு."

நிகானோர் குவளையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் நிதானமாகக் கேட்கக் கேட்க, அவள் சொல்லிக்கொண்டே போனாள். முந்தாநாள் மத்தியானம் ஏவரிஸ்தோ தன் குதிரை மோரோவில் கிளம்பினான். இருட்டியும் வரவில்லை. நேற்று விடியும்போது ஆற்றுமுகத்து மணலில் மோரோ மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. சேணம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆற்றைத் தாண்டப் போவதாக அண்ணன் தன்னிடம் சொன்னான் என்று அவனுடைய தம்பி லிசாந்த்ரோ சொல்லியிருக்கிறான். போதாதா, எல்லோரும் ஏரியைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள்.

"குதிரையைப் பிடிச்சது யாரு?"

"நான்தான். நல்லவேளையா கடிவாள வார் ரெண்டும் சேணத்து முன்கொம்புல கட்டியிருந்துச்சு. இல்லேன்னா மிதிச்சு அறுத்திருக்கும். சேணத்தைக் கழட்டறதும் சிரமமா இல்ல, வயித்துவார் தளர்வாத்தான் இருந்துச்சு. அப்புறம் கார்ப்பரல் வந்து யாரும் தொடாதீங்கன்னுட்டாரு. அப்படியே கட்டிப் போட்டிருக்கு."

நிகானோர் அவளையே சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து தொப்பியை எடுத்தார். பெனித்தோ பிசைந்த மாவின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, கை கழுவக்கூட நேரமில்லாமல் பின்னால் ஓடினான்.

வழியெல்லாம் அவனுக்குச் சந்தேகம் பொங்கிக்கொண்டிருந்தது. முகாமில் தங்கியிருந்த ஒரே வெளியூர்க்காரர் சுபியேத்தா. பியூனஸ் அயர்ஸில் பல் டாக்டர். வருஷா வருஷம் தன் இரண்டு குதிரைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். காணாமல்போன அன்று காலையில்தான் அவருக்கும் ஏவரிஸ்தோவுக்கும் பெரிய வாக்குவாதம். ஏவரிஸ்தோ ஒரு குதிரையைச் சாட்டையால் அடித்ததைப் பார்த்துவிட்டு டாக்டர் சாட்டையைப் பிடுங்கி ஏரியில் எறிந்தாராம். டாக்டர்தான் குற்றவாளி என்று பெனித்தோ அடித்துச் சொன்னான்.

"சாட்டையை எறிஞ்சவன் ஆளை எறியமாட்டானா அத்தான்?"

"முதல்ல குதிரையைப் பாப்போம், மாப்ளே."

ஏவரிஸ்தோ எப்படிப்பட்டவன் என்று பெனித்தோவுக்கும் தெரியாமலில்லை. அவன் கத்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரலைத் தணித்துக்கொண்டு, பக்கத்தில் வந்து பேசுவான். அப்படிப் பேச்சு வாங்கிய இரண்டு வேலையாட்கள் மறுவாரமே ஊரைவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நொண்டிக்கொண்டு பஸ் ஏறியதைப் பெனித்தோவே பார்த்தான்.

மோரோ தனியே ஒரு மரத்தடியில் கட்டப்பட்டிருந்தது. காற்று ஏரியிலிருந்து வீசியது. படகின் மோட்டார் சத்தம் வருவதும் தேய்வதுமாக இருந்தது. நிகானோர் குதிரையின் முதுகைத் தடவி, கையை விரித்துக் காட்டினார். விரலெல்லாம் வெள்ளையாக உப்பு. காய்ந்த வியர்வை, முதுகில் சேணம் இருந்த இடம் முழுக்கத் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. கொட்டகையில் கிடந்த சேணத்தைப் புரட்டினார். மேலே போட்டிருந்த ஆட்டுத்தோல் இன்னும் ஈரம் காயாமல் விறைத்திருந்தது. அடியில் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் கம்பளியில் அதே வெள்ளை உப்பு.

பிறகு மோரோவின் முன்காலைத் தூக்கி, வளைந்த ஆணியால் குளம்பின் உட்பக்கத்தைச் சுரண்டினார். மாவுபோல் சாம்பல்நிறப் பொடி, கெட்டியாக அப்பிக்கொண்டிருந்தது. அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெனித்தோ ஆற்றுமணல் என்றான்.

அங்கிருந்து குதிரைக் கூட்டத்தைப் பார்க்கப் போனார்கள். முகாமுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் பன்னிரண்டு பதின்மூன்று குதிரைகள் கட்டில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் கழுத்தில் மணியோடு ஒரு வயதான வெள்ளைப் பெட்டை. முன்கால் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டிருந்தது அதற்கு மட்டும்தான். அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான்: மணிக்காரியைக் கட்டிவைத்தால் போதும், மற்றவை அவளை விட்டுப் போகாது. பெனித்தோ ஒரு ரொட்டித்துண்டை நீட்டிக்கொண்டு கிட்டப் போனான். அது காதை மடக்கிக்கொண்டு பல்லைக் காட்டியது.

"பாத்து. லிசாந்த்ரோவைத் தவிர யாரையும் தொடவிடமாட்டா," என்றாள் பின்னால் வந்த ரொசெண்டா. கொஞ்சம் தயங்கி, சனிக்கிழமை லாரி வருவதாகச் சொன்னாள். குதிரைகளையெல்லாம் கறிக்கு விற்றுவிட்டு, விருந்தாளிகளுக்கு நாலுசக்கர மோட்டார் பைக் வாங்கப் போகிறானாம் ஏவரிஸ்தோ. டாக்டர் இரண்டு குதிரைகளைத் தானே வாங்கிக்கொள்வதாகக் கெஞ்சியும் மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

"காணாமப்போன ராத்திரி இந்த மணி எங்க கேட்டுச்சு?" என்றார் நிகானோர்.

அவள் யோசித்தாள். "ஆத்தோரம். தூக்கமே இல்ல எனக்கு, கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தேன். விடிஞ்சு பாத்தா பழைய எடத்துலதான் நின்னா."

நிகானோரின் முகம் மாறியதைப் பெனித்தோ அப்போதுதான் பார்த்தான். அந்த மனிதர் அவசரப்பட்டு அவன் பார்த்ததேயில்லை. இப்போது வேகமாக நடந்தார். சமையல் கொட்டகைக்கு எல்லோரையும் வரச்சொல்லுங்கள், உடனே, என்றார்.

டாக்டர் வந்தார். லிசாந்த்ரோ வந்து வாசல் தூணில் சாய்ந்துகொண்டான். மெலிந்த ஆள், யாரையும் நிமிர்ந்து பார்க்காத ஆள். ரொசெண்டா அடுப்புப் பக்கம் நின்றாள். கார்ப்பரல் ஃபூனெஸ் ஏரிமேல் படகில் இருந்தார். நிகானோர் உட்காரவில்லை.

"டாக்டர், உங்க வண்டியில ஏரிக்கரைக்குப் போய் கார்ப்பரலைக் கூட்டிக்கிட்டு மலைமேல இருக்கிற சாம்பல் பள்ளத்துக்கு வாங்க. ஸ்ட்ரெச்சர் இருந்தா எடுத்துக்குங்க. இங்க நான் பேசறதை நீங்க கேக்கணும்னு அவசியமில்ல, நீங்க இதுல இல்ல."

டாக்டர் ஒன்றும் கேட்காமல் ஓடினார். பெனித்தோவுக்குத்தான் ஏமாற்றமாகிவிட்டது. காலையிலிருந்து கட்டிவைத்திருந்த வழக்கு ஒரே நிமிஷத்தில் வண்டியேறிப் போய்விட்டது.

"ஏவரிஸ்தோ ஆத்துல எறங்கவே இல்ல," என்றார் நிகானோர். "நீந்தி வந்த குதிரை முதுகுல வேர்வை உப்பு நிக்காது. ஆறு அதைச் சுத்தமாக் கழுவியிருக்கும். மேல்தோல் மட்டும் நனைஞ்சு அடிக்கம்பளி நனையாம இருக்கணும்னா, யாரோ வாளியில மொண்டு ஊத்தியிருக்கணும்."

அவர் காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். எரிமலை வெடித்த வருஷம் விழுந்த சாம்பலை மழை எல்லா இடத்திலும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலைமேல் அந்தப் பள்ளத்தில் மட்டும்தான் இன்னும் கணுக்கால் ஆழம் கிடக்கிறது, ஆற்றுக்கு இந்தப் பக்கமே, என்று நினைவூட்டினார். மோரோ வியர்த்தது அந்த ஏற்றத்தில்தான்.

"ஏவரிஸ்தோவே அங்க எறங்கி குதிரையை விட்டிருக்கலாமே அத்தான்?"

"எறங்கினா மரத்துல கட்டுவான், மாப்ளே. வாரைச் சேணத்துல முடிஞ்சு, வயித்துவாரைத் தளர்த்திவிடறது எப்ப? ஆள் இல்லாத குதிரை தானா பின்னால வரட்டும்னு விடறப்ப. மிதிச்சு விழக்கூடாது, மூச்சு முட்டக்கூடாதுன்னு. மலைமேல தன் குதிரையை எவனும் அப்படி அனுப்பமாட்டான். இன்னொருத்தன் முன்னால போயிருக்கான். மோரோ பின்னால வந்திருக்கு. இங்க இருக்கிற யாரா இருந்தாலும் கை தானா அதைச் செய்யும். அதனாலதான் ரொசெண்டா சொல்லியும் அது யாருக்கும் உறைக்கல. செஞ்சவனுக்கும் உறைக்கல, ஆத்தங்கரையில வாரை அவிழ்த்துவிட மறந்துட்டான்."

லிசாந்த்ரோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மா விட்ட குதிரை மணலுல நிக்காது, மணிக்காரிகிட்டப் போயிரும். ஆத்துலேருந்து வந்தமாதிரி தெரியணும்னா மணிக்காரியை அங்க கொண்டுபோய் நிறுத்தணும். அன்னிக்கு ராத்திரி மணி ஆத்தோரம்தான் கேட்டுச்சு, விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் அவளைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கணும். அவளைத் தொட்டு நடத்தக்கூடிய ஆள் இந்த முகாமுல ஒருத்தன்தான்." நிகானோர் அவனருகில் போனார். "தம்பி, ஏன் செஞ்சேன்னு நான் கேக்கல. லாரி விஷயம் தெரியும். ஒண்ணுதான் கேக்கறேன். உசிரோட இருக்கானா?"

ரொசெண்டாவின் கையிலிருந்த கெண்டி அடுப்பில் சாய்ந்து தண்ணீர் சீறியது. அவள் கவனிக்கவில்லை. ஆளைச் சாகவிட்டுவிட்டு அண்ணி அண்ணி என்று இரண்டு நாளாகத் தன் கையால் காபி வாங்கிக் குடித்தவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடறப்ப இருந்தான்," என்றான் லிசாந்த்ரோ.

பிறகு அவனே சொன்னான். மோட்டார் போகிற மாதிரி பாதை பார்க்க அண்ணன் அவனையும் மேலே கூட்டிப் போயிருந்தான். பள்ளத்து விளிம்பில் வைத்து, சனிக்கிழமை லாரியில் மணிக்காரியை முதலில் ஏற்று, அவள் ஏறினால் மற்றதெல்லாம் தானாக ஏறும் என்றான். லிசாந்த்ரோ மோரோவின் வாரைப் பிடித்து இழுத்தான். குதிரை மிரண்டது. ஏவரிஸ்தோ பாறைமேல் விழுந்து உருண்டான். தொடை முறிந்த சத்தம் மேலே கேட்டது.

"தண்ணி கேட்டான், அண்ணி. பக்கத்துலயே ஊத்து. நான் குதிரைங்களுக்குத் தண்ணி காட்டினேன். காட்டிட்டு வந்துட்டேன். பாதி வழி எறங்கினா திரும்பிப்போக மனசு வந்துரும்னு நெனச்சேன். வரல."

நால்வரும் குதிரைகளில் மலையேறினார்கள். லிசாந்த்ரோ முன்னால் போனான், யாரும் அவனைக் கட்டவில்லை. வெயில் ஏரியைவிட்டுப் போய், மலை முகட்டில் மட்டும் தங்கியிருந்தது. சாம்பலில் குளம்புச் சத்தமே எழவில்லை. தலைக்குமேல் இரண்டு கழுகுகள் வட்டமிடுவதைப் பார்த்த ரொசெண்டா குதிரையைத் தட்டிவிட்டாள். கெட்டவன்தான், என் பிள்ளைங்களுக்கு அப்பன், என்று அவள் முணுமுணுப்பது பெனித்தோவுக்குக் கேட்டது.

அவன் விழுந்த இடத்தில் இல்லை. சாம்பலில் ஒரு நீளமான இழுப்புத் தடம், ஊற்று வரைக்கும் போயிருந்தது. ஊற்றோரத்தில் ஏவரிஸ்தோ கிடந்தான். சட்டைக்கை ஈரமாக இருந்தது, உதடு அசைந்தது. பெனித்தோ இந்த ஜன்மத்தில் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. கீழே இறங்கும்போது முட்டி சிராய்ந்ததுகூடத் தெரியாமல் ஓடினான். ரொசெண்டா தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தண்ணீர் புகட்டினாள்.

சற்று நேரத்தில் கார்ப்பரலும் டாக்டரும் மறுபக்கப் பாதையில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். டாக்டர் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டும்போது, கார்ப்பரல் குனிந்து, எப்படி நடந்தது, கூட யார் இருந்தார்கள் என்று கேட்டார்.

ஏவரிஸ்தோவின் கண் ஒவ்வொருவராகத் தாண்டிப் போய் தம்பியிடம் நின்றது.

"யாருமில்ல. குதிரை மெரண்டுச்சு. தனியாத்தான் வந்தேன்."

பெனித்தோவின் கண் கலங்கிவிட்டது. இரத்தப் பாசம் என்பது இதுதான் என்று நிகானோரின் காதில் கிசுகிசுக்கப் போனான். நிகானோர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, ரொசெண்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் பிழைத்ததில் மலர்ந்திருந்த அவள் முகம் வெளுத்துப்போய், தண்ணீர்க் குவளை பாதியில் நின்றிருந்தது.

ஏவரிஸ்தோ கையை நீட்டி லிசாந்த்ரோவின் மணிக்கட்டைப் பிடித்தான். இரண்டு நாள் பட்டினி கிடந்த கை அப்படிப் பிடிக்கும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். குரல் தணிந்து, அன்பாகக்கூட இருந்தது.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், தம்பி."

லிசாந்த்ரோ கையை உருவிக்கொண்டு எழுந்தான். கார்ப்பரலின் எதிரில் போய் நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

"அவன் சொல்றது பொய், ஐயா. நான்தான் விட்டுட்டுப் போனேன். சாகட்டும்னுதான் போனேன். என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க. இப்பவே கூட்டிக்கிட்டுப் போயிருங்க."