பதினைந்துக்குப் பதினைந்து

குழாயில் ஊற்றிய பால் இறங்கவில்லை. மகன் யுவனேஸ்வரனின் மூக்கில் செருகியிருந்த குழாயைக் காளிமுத்துக் கிழவர் விரலால் சுண்டிப் பார்த்தார். ஊற்றிய அளவிலேயே நின்றது.

கோலா தெர்லா ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து மண்டை உடைந்தவன். ஆறு மாசம் கழித்து எப்படி இருப்பான் என்று பெரிய டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, நூற்றுக்குத் தொண்ணூறு எழும்ப மாட்டான் என்றார். “மழை வருமான்னே அந்தப் பொட்டிக்குத் தெரியாது, எம்மவனப் பத்தி என்னா தெரியும்?” என்று கைநாட்டு வைத்துவிட்டு, லயத்து வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார் கிழவர்.

நினைவு எவ்வளவு இருக்கிறதென்று மார்க் போடும் வித்தையைத் தோட்டத்து நர்ஸ் புனிதா சொல்லிக் கொடுத்திருந்தாள். தானாகத் திறந்தால் கண்ணுக்கு நாலு, ஆள், நாள், இடம் சரியாகச் சொன்னால் பேச்சுக்கு ஐந்து, சொன்னதைச் செய்தால் கைகாலுக்கு ஆறு; மொத்தம் பதினைந்து. ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. நேற்று ஆறு. இன்று காலை நகத்தை அழுத்தியும் அசைவில்லை, மூன்று. மூன்று மிச்சம் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மத்தியானம் மலையிலிருந்து இறங்கிய மூடுபனி, தேயிலைக் கொழுந்தின் பச்சை வாடையையும் தெளித்த மருந்தின் காட்டத்தையும் சன்னல் வழியே கொண்டுவந்து, கட்டில் கால், போர்வை, அவன் கன்னம் என்று ஒவ்வொன்றாக ஈரமாக்கிக்கொண்டிருந்தபோது, யுவனேஸ்வரன் கண்ணைத் திறந்தான்.

ஆறு.

“அப்பன் கையப் புடிடா.”

பிடித்தான். பதினொன்று.

கிழவர் அழுதேவிட்டார். கை மட்டும் ஜில்லென்று இருந்தது. கண் இமைக்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். புனிதா.

“பதினொன்னு! போய்ச் சொல்லு ஒன் டாக்டருகிட்ட. காலையில வெறும் மூணு, தெரியுமா?”

“மூணா?” அவள் யுவனேஸ்வரன் கழுத்தில் விரல் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். “மூணுக்குக் கீழ மார்க்கே இல்ல மாமா. செத்தவங்களுக்கும் மூணுதான் போடுவோம். இவரு... காலையிலயே...”

“வாயக் கழுவுலா! பாரு, புடிச்சிருக்கான்!”

கையை இழுத்தார். வரவில்லை. இன்னும் இறுகியது. கிழவரின் விரலில் ஏதோ எலும்பு முறிந்தது.

“அப்பா,” என்றான் மகன். தெளிவாக. “புனிதா. இன்னிக்கு வியாழன். வீட்லதான் இருக்கேன்.”

பதினைந்து.

குளிரில் கிழவரின் வாயிலிருந்து ஆவி வந்தது. புனிதாவின் வாயிலிருந்தும் வந்தது. அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவன் வாயிலிருந்து ஆவி வரவில்லை.