ரோஹித் சாப்பிட்டானா

விளக்கேற்றத் தீக்குச்சியைக் கிழித்த கையோடு வத்சலா நின்றுவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'ரோஹித் அப்பா' என்று வந்திருந்தது. புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாதவள் போனில் மட்டும் எப்படிப் போட்டுக்கொள்வாள்? அந்த ரோஹித் அப்பா, பார்த்தசாரதி, போய்ச் சேர்ந்து வருஷாப்திகமும் ஆகிவிட்டது. இறப்புச் சான்றிதழைக் காட்டி அவருடைய எண்ணை ரத்து செய்துவிட்டு வந்தவன் ரோஹித்தேதான். குச்சி விரலைச் சுட்டது. உதறிவிட்டுப் போனை எடுத்தாள்.

"வத்சலா, கிளம்பிட்டேன். லேக் மார்க்கெட் வழியாத்தான் வரேன். ஏதாவது வாங்கிண்டு வரணுமா?"

அதே குரல்தான். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த காலமெல்லாம், சாயங்காலம் படியிறங்கும்போது அவர் போனில் கேட்கிற அதே கேள்வி. குரலுக்குப் பின்னால் ஆற்றுப் பக்கமிருந்து கப்பல் ஊதிற்று, யாரோ இருமினார்கள், டீக்காரன் பாபுவை யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள். வத்சலா போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். பயம் அப்புறம்தான் வந்தது.

பயப்படக் காரணமும் இருந்தது. ரோஹித் வேலை பார்த்தது ஒரு போன் கம்பெனியில். யார் எங்கே போகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள், என்ன பேசினார்கள் என்பதையெல்லாம் கம்பெனி சேர்த்து வைத்துக்கொண்டு அரசாங்கத்தின் ஏதோ ஒரு பிரிவுக்கு விற்றுக்கொண்டிருந்தது. "வாங்கறது கவர்மெண்ட், விக்கறது கம்பெனி, சரக்கு நாமதாம்மா" என்றான் ஒருநாள், சாதத்தைப் பிசைந்தபடியே. அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டான். செய்தி வந்த அன்றைக்கே சிம் கார்டை ஒடித்து டாக்குரியா ஏரியில் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

"நான் எங்க இருக்கேன்னு போன்ல மட்டும் சொல்லிடாதேம்மா. தமிழ்லகூட" என்றான் வாசலில் நின்று.

"தமிழ்ல சொன்னா இந்த ஊர்ல யாருக்குடா புரியப்போறது?"

அவள் அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. மூன்று தலைமுறையாக வங்காளிகள் நடுவில் வாழ்ந்த அந்தக் குடும்பத்துக்குத் தமிழ்தான் பூட்டும் சாவியும். கடைக்காரன் எதிரிலேயே அவனைத் திருடன் என்பார்கள், பஸ்ஸில் பக்கத்து ஆளின் மூக்கைப் பற்றிப் பேசுவார்கள். டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் இருக்கிறது உங்கள் பாஷை என்று எதிர்வீட்டு அண்ணி சாதனா பௌதி சிரிப்பாள். ரோஹித் அன்று சிரிக்கவில்லை.

அவன் போன மறுவாரம் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாக உட்கார்ந்து காபி குடித்தார்கள். மகன் எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். நல்லது மாஷிமா என்று பெரியம்மா முறை வைத்துச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அதற்கப்புறம்தான் செத்தவர் கூப்பிட ஆரம்பித்தார்.

மறுநாளும் அதே வேளையில் அடித்தது. எடுக்கக் கூடாது என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள், மணி நிற்கப்போகிறது என்று தோன்றியதும் ஓடிவந்து எடுத்தாள். அதே கப்பல், அதே இருமல், அதே பாபு. எத்தனை சாயங்காலம் ஆனாலும் இருமல் ஒரே இடத்தில்தான் வந்தது. ஒருநாள் துணிந்து கேட்டாள்.

"ஆத்துல யாரும் இல்லாதப்போ என்னை என்னன்னு கூப்பிடுவேள்?"

பதில் இல்லை. கப்பல் ஊதிற்று. இருமல். பாபு. மறுபடி கப்பல். அந்தப் பெயரை அவர் போனில் ஒருநாளும் சொன்னதில்லை. ஆபீஸில் நாலு பேர் காதில் விழுமே என்று அவருக்கு அவ்வளவு கூச்சம். ஆக, போனில் பேசியது மட்டும்தான் அதற்குத் தெரிந்திருந்தது. அது அவர் இல்லை.

தெரிந்துவிட்டது. தெரிந்தும், அடுத்த சாயங்காலம் மேஜையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். தனியாக இருக்கிற பெண்பிள்ளையின் ஏக்கத்துக்குப் புத்தி எந்த மூலைக்கு? "கறிவேப்பிலை இல்லை, ஒரு கொத்து வாங்கிண்டு வாங்கோ" என்றாள். "சரி" என்றது குரல். அன்று ராத்திரி பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

ரோஹித் பேச்சு வந்தால் மட்டும் உஷாராகிவிடுவாள். "ரோஹித் வந்துட்டானா?" என்று அது கேட்டது. அவர் உயிரோடு இருந்தபோது தினமும் கேட்ட கேள்விதான், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. "ரோஹித் எங்கே?" என்று கேட்ட அன்றைக்குப் போனைத் துண்டித்தாள்.

அதற்குப் பிறகு அது கூப்பிடவில்லை.

இரண்டாம் தடவை தாலியறுத்ததுபோல் இருந்தது அவளுக்கு. சாயங்காலம் வந்தால் டாக்குரியா ஸ்டேஷனில் லோக்கல் வண்டி நிற்கும் சத்தமும், மாடிப்படியில் யாரோ ஏறி அவள் தளத்துக்கு வராமல் நின்றுவிடும் சத்தமும், ஈரத்தில் ஊறிய சுவரின் நாற்றமும்தான் துணை. கோபித்துக்கொண்டு விட்டாரோ என்று நினைத்தாள். அவர் இல்லை என்று தெரிந்தே நினைத்தாள்.

மழை கொட்டிய ஒரு நாள். மத்தியானமே இருட்டிவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தாள். ஊர் முழுக்க மழை, அந்தப் பக்கம் மட்டும் ஒரு தூறல் சத்தமில்லை.

"வத்சலா. ரோஹித் சாப்பிட்டானா?"

எங்கே என்று கேட்கவில்லை. சாப்பிட்டானா என்றுதான் கேட்டது. அத்தனை நாள் தேக்கி வைத்தது உடைந்துகொண்டு வந்தது. நாத்தனாரைப் பற்றிப் புருஷனிடம் சொல்ல எந்தப் பெண்டாட்டி நாக்கு யோசித்திருக்கிறது?

"உங்க அக்கா பட்டினியாப் போட்டுடுவாளா? நெய்யை ஊத்தி ஊத்தியே பிள்ளையைக் கெடுத்துடுவா."

கப்பல் ஊதவில்லை.

இருமல் இல்லை. பாபு இல்லை. முதல் தடவையாக அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

"சரி" என்றது. வைத்துவிட்டது.

வத்சலா கரக்பூரில் இருந்த நாத்தனார் சுந்தரவல்லி அக்காவுக்குப் போட்டாள். லைன் பேச்சில் இருந்தது. மறுபடி போட்டாள். பேச்சில் இருந்தது. யாரோடு இவ்வளவு நேரம்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அக்காவே கூப்பிட்டாள்.

"ஏண்டி, ரோஹித் உன்கிட்ட வந்து சேர்ந்துட்டானா?"

"என்கிட்டயா?"

"நீதானே இப்போ பேசினே. கரக்பூர் ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன், மழையா இருக்கு, அவனைக் குடை எடுத்துண்டு வரச் சொல்லுங்கோன்னே. குழந்தை செருப்புகூடப் போட்டுக்காம ஓடினான்."

"அக்கா, நான் ஆத்துலதான் இருக்கேன். நான் கூப்பிடலை."

"என்னடி உளறறே? உன் குரல் எனக்குத் தெரியாதா?" அக்காவின் குரல் இறங்கியது. "போற போக்குல என்னையும் ஒரு குத்து குத்தினியே. நெய்யை ஊத்தி ஊத்திப் பிள்ளையைக் கெடுக்கறேன்னு."

அக்கா இன்னும் ஏதோ கேட்டாள். வத்சலாவின் காதில் விழவில்லை. சொன்னது தான்தான். தன் வாயால், தன் பாஷையில் சொன்னது. பெற்ற பிள்ளையை அவளே காட்டிக் கொடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அக்கா பல தடவை கூப்பிட்டாள். ஸ்டேஷனில் யாருமே இல்லையாம். குடை மட்டும் வாசலில் கிடந்ததாம்.

வெளியே தண்ணீர் வடிந்த பாடில்லை. மின்சாரமும் போயிருந்தது. இருட்டில் போன் அடித்தது. திரையில் 'ரோஹித்' என்று வந்தது. ஏரியில் கிடக்கிற எண்.

"அம்மா, சாப்பிட உக்காந்துட்டேம்மா."

"கண்ணா" என்றாள். "நீதானா? எங்கடா இருக்கே?"

 தட்டு மேஜையில் உரசியது. தண்ணீர் டம்ளரில் விழுந்தது. ரோஹித் அப்பா தொண்டையைச் செருமினார். ரோஹித் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். கூடவே ஒரு பெண் சிரித்தாள்.

வத்சலா போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"இன்னும் ஒரு பிடி போட்டுக்கோடா" என்றாள் அந்தப் பெண். "அப்பாவும் சாப்பிடறார் பாரு."

வத்சலாவின் குரல்.

அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். குரல் நிற்கவில்லை. மேஜைமேல் ஒளிர்ந்துகொண்டிருந்த போனுக்கு முன்னால், தன் குரல் தன் பிள்ளைக்குப் பரிமாறுவதைக் கேட்டுக்கொண்டு இருட்டில் நின்றாள்.